எடையையும் வரைபடத்தில் எழுதுங்கள்

பெறுநர்:
முதன்மைத் தலைமைப் பொறியாளர் (கட்டடம்) அவர்கள்,
பொதுப்பணித் துறை, சேப்பாக்கம், சென்னை.

மதிப்புக்குரிய ஐயா / அம்மையீர்,

இருபது வருடத்துக்கும் மேலாகக் கட்டுமானத் தளங்களில் பொறியாளராக இருக்கிறேன். நான் செய்த ஒரு தவறிலிருந்து இந்த மடலைத் தொடங்குகிறேன்.

அது ஒரு மூன்று மாடிக் கட்டடம். மேல்தளத்தின் உள்சுவர்களுக்கு எட்டு இஞ்ச் சாலிட் பிளாக் என்று வரைபடத்தில் இருந்தது. பாரம் தாங்காத அந்தச் சுவர்களுக்கு அவ்வளவு கனமான கல் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை. கல்லை ஏற்ற ஹாயிஸ்ட் வரவில்லை. சித்தாள்கள் சும்மாடு கூட்டி, தலைக்கு ஒரு கல்லாக, கைப்பிடி வைக்காத படிக்கட்டில் சுமந்து ஏறினார்கள். ஒருநாள் அதில் ஒரு கல்லைப் பக்கத்துப் பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 33 கிலோ.

அந்த வாரத்தில்தான் நாற்பது வயது மதிக்கத்தக்க அக்கா ஒருவர் கல்லை இறக்கி வைத்துவிட்டு நிமிர முடியாமல் அப்படியே உட்கார்ந்தார். “வாயு பிடிச்சிருக்கு தம்பி, தைலம் தேச்சா விட்டுரும்” என்றார். மறுநாள் அவர் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே ஒரு குறுக்குக்கோடு போட்டேன். அவர் இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார். அந்தக் கட்டடத்தில் யாருக்கும் காயம் இல்லை என்றுதான் இன்றைக்கும் தாள்கள் சொல்கின்றன.

சாரத்திலிருந்து விழுந்தால் அதற்கு ஒரு தேதி உண்டு, சாட்சி உண்டு, நிவாரண மனு உண்டு. இடுப்பு தேய்ந்து போவதற்குத் தேதி கிடையாது. அதனால்தான் அதை ‘வாயு’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். பெண்களுக்கு இன்னொரு துன்பமும் இருக்கிறது. பாரம் தூக்குவதைக் கருப்பை இறக்கத்துக்கான காரணங்களில் ஒன்றாக மருத்துவர்கள் சொல்கிறார்கள். தளத்தில் எந்தப் பெண் இதை மேஸ்திரியிடம் சொல்வார்?

சட்டம் இல்லாமல் இல்லை. கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1998ல் வந்த மத்திய விதிகள், துணையாளோ இயந்திரமோ இல்லாமல் ஒருவர் தூக்கக்கூடிய எடைக்கு வரம்பு வைத்தன: ஆணுக்கு 55 கிலோ, பெண்ணுக்கு 30 கிலோ. அந்த அளவின்படியே என் தளத்தில் பெண்கள் சுமந்த ஒவ்வொரு கல்லும் விதிமீறல். ஆனால் எனக்கு அந்த வரம்பின் மேலேயே வருத்தம் இருக்கிறது. 50 கிலோ சிமெண்ட் மூட்டை அதற்குள் கச்சிதமாக அடங்கிவிடுகிறது. அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் தன் கணக்கை 23 கிலோவில் தொடங்குகிறது. அதுவும் குனியாமல், திரும்பாமல், உடம்போடு ஒட்டித் தூக்கினால் மட்டும். குனிந்தால் குறையும், அடிக்கடி தூக்கினால் இன்னும் குறையும். பீமுக்கு நாம் போடும் அதே பெண்டிங் மொமெண்ட் கணக்குதான் இது. சுமை உடம்பை விட்டுத் தள்ளிப்போகப் போக இடுப்புத் தட்டின் மேல் அழுத்தம் பெருகுகிறது. தரையிலிருந்து குனிந்து எடுக்கும் 30 கிலோ, கீழ் முதுகில் சில நூறு கிலோவாக இறங்குகிறது. பீமுக்கு இந்தக் கணக்கைப் போடாமல் நாம் கையெழுத்திட்டதே இல்லை.

உங்களுக்கு எழுதக் காரணம், இந்த எடை தளத்தில் முடிவாவதில்லை என்பதுதான். எந்தக் கல், என்ன கனம், எந்த மாடியில் என்பதை வரைபடம் சொல்லிவிடுகிறது. பிறகு மேஸ்திரியைத் திட்டி என்ன பயன்? பிரிட்டனில் 1992ன் விதிகள், முதலில் கையால் தூக்குவதையே தவிர்க்க முடியுமா என்று பார்க்கச் சொல்லின. 1994ல் அந்தப் பொறுப்பில் ஒரு பங்கை வடிவமைப்பாளரிடமே கொடுத்தார்கள். 20 கிலோவுக்கு மேற்பட்ட கட்டுமானக் கல்லை ஒரே ஆள் திரும்பத் திரும்ப எடுத்து வைக்கக் கூடாது என்பது அங்கே வழிகாட்டுதல். அங்கே சிமெண்ட் பை 25 கிலோ.

நம் மதிப்பீடுகளில் ‘லீட்’ இருக்கிறது, ‘லிஃப்ட்’ இருக்கிறது. பொருள் எவ்வளவு தூரம் போகிறது, எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பதற்கெல்லாம் பணம் கணக்கிடுகிறோம். அதை ஒரு முறைக்கு எத்தனை கிலோவாக யார் சுமக்கிறார் என்ற கட்டம் மட்டும் அதில் இல்லை. ஹாயிஸ்டுக்குத் தனி இனம் இல்லாதபோது, அதைச் சேர்த்து விலை போடும் ஒப்பந்ததாரர் டெண்டரில் தோற்கிறார். சித்தாளின் தலையை நம்பிப் போட்டவர் ஜெயிக்கிறார். நல்லது செய்ய நினைப்பவரைத் தோற்கடிக்கும் இந்த ஏற்பாட்டை மாற்ற உங்கள் துறையால் முடியும். ஒவ்வொரு சுவர்க் கல்லுக்கும், கிரானைட் பலகைக்கும், ஜன்னல் சட்டத்துக்கும் பக்கத்தில் அதன் எடையை வரைபடத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 25 கிலோவைத் தாண்டினால் தூக்கும் கருவி மதிப்பீட்டில் தனி இனமாக வரட்டும். பாரம் தாங்காத சுவருக்கு எடை குறைந்த ஏஏசி பிளாக் போடலாம். என் 33 கிலோ கல்லைவிட ஒன்றரை மடங்கு பெரிய கல்லே 15 கிலோவுக்குள்தான் இருக்கும், நனையாமல் வைத்திருந்தால். சிமெண்டுக்கு நாம் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. டான்செம் அரசு நிறுவனம். 25 கிலோ பையை அங்கிருந்தே தொடங்கலாம்.

தொழிலாளர்கள் இரண்டு பையைச் சேர்த்துத் தூக்குவார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி இருக்கும்வரை தூக்கத்தான் செய்வார்கள். எனவே ஏற்றுக்கூலி முறையும் கூடவே மாற வேண்டும்.

என்னை உண்மையாகவே யோசிக்க வைக்கும் கேள்வி வேறு: இயந்திரம் வந்தால் சித்தாள்களுக்கு வேலை ஏது? இந்தப் பயம் நியாயமானது. பதினைந்து வருடம் கலவைச் சட்டி சுமந்த பெண்ணை நாம் கரண்டி பிடிக்க விட்டதே இல்லை. கூட வந்த பையன் மூன்று வருடத்தில் கொத்தனாராகிவிடுகிறான். ஹாயிஸ்ட் இயக்கவும் கட்டுவேலைக்கும் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, அந்தக் கூலியை ஒப்பந்தத்திலேயே எழுதாமல் இயந்திரத்தை மட்டும் கொண்டுவந்தால், நான் முதல் ஆளாக எதிர்ப்பேன். நாள் முழுக்க நின்று வேலை பார்த்த கடைத் தொழிலாளர்களுக்கு இருக்கை கொடுக்க 2021ல் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. கால்வலியைக் கேட்ட அரசு இடுப்புவலியையும் கேட்கும் என்று நம்புகிறேன்.

எல்லா இடத்திலும் ஒரேயடியாக வேண்டாம். இனி கட்டப்போகும் ஒரு பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வரைபடத்தில் எடையை எழுதி, மதிப்பீட்டில் ஹாயிஸ்டைச் சேர்த்து, வேலை முடியும்வரை சித்தாள்களின் முதுகு எப்படி இருக்கிறது என்று மாதம் ஒருமுறை ஒரு மருத்துவரைக் கேட்கச் சொல்லுங்கள். எந்த ஊர் என்று மட்டும் தெரிவியுங்கள். தராசோடு நான் வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தளப் பொறியாளர்