எத்தனை காலம் போதும்?

ஆங்கிலத்தில் ‘எனஃப்’ என்றொரு சொல் உண்டு. நம் பிள்ளைகள் அதனைத் தொடக்க வகுப்பிலேயே கற்றுவிடுகின்றனர். ஆயினும் அது வாக்கியத்தில் நிற்கும் இடத்தில் உயர்வகுப்பு மாணவரும் இடறக் காண்கிறோம். பெயர்ச்சொல்லாயின் அதற்கு முன்னே நிற்கும்: ‘எனஃப் டைம்’. ‘லாங்’ போன்ற சொல்லாயின் அதற்குப் பின்னே நிற்கும்: ‘லாங் எனஃப்’. ‘எனஃப் லாங்’ என்பது ஆங்கிலமன்று. ‘டைம் எனஃப்’ என்று பெயருக்குப் பின் வைப்பதும் உண்டு. அது சற்றே பழைய நடை.

இடம் தெரிந்தால் மட்டும் ஆயிற்றா? ‘எனஃப்’ என்றவுடன் ‘எதற்கு?’ என்னும் வினா எழுகிறது. அவ்வினாவுக்கு விடையாகவே பின்னால் ‘டு’ என்பதுடன் ஒரு வினைச்சொல் வருகிறது. அவ்விடை வராமற்போனால் சில வேளைகளில் பொருள் கசந்துவிடும். விருந்தினரை நோக்கி, ‘லாங் எனஃப்’ தங்கிவிட்டீர்கள் என்று ஆங்கிலத்தில் கூறினால், புறப்படுங்கள் என்பதே அதன் குறிப்பு.

சட்டமும் இதனை அறியும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 46ஆம் பிரிவு, கேளாமலே செய்துதர வேண்டிய கடமைக்கு நாள் குறிக்கப்படாதபோது அதனை நியாயமான காலத்துக்குள் முடிக்க வேண்டும் என்கிறது. அக்காலம் எத்தனை நாள் என்று அது கூறவில்லை. அந்தந்த வழக்கின் நிலைமையைக் கொண்டே முடிவு செய்ய விட்டுவிட்டது. வீட்டுக்கு வெள்ளையடிக்க ஒப்புக்கொண்டவருக்கும் மாளிகை கட்ட ஒப்புக்கொண்டவருக்கும் ஒரே கெடு பொருந்துமா?

கொல்கத்தாவில் வாழும் நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ‘போதிய’ என்பதற்கு வங்காளியர் ‘ஜொதேஷ்டொ’ என்பர். அது ‘விரும்பியபடி’ எனப் பொருள்படும் வடசொல்லே. நம் பெரியோர் ‘யதேஷ்டம்’ என்றபோது ஏராளம் என்ற பொருளில் கூறினர். ‘அவகாசம்’ என்றால் நமக்கு ஒரு செயலை முடிக்கத் தரும் காலம். வங்காளியருக்கோ அதுவே ஓய்வு, விடுமுறை. கோடை விடுமுறைக்கும் அச்சொல்லையே சேர்த்து வழங்குகின்றனர். மலையாள அன்பரைக் கேட்டால் ‘அவகாசம்’ என்பது உரிமை என்பார். மூவரும் ஒரே சொல்லைச் சொல்லி மூன்று பொருளை எண்ணிக்கொண்டிருப்பது வேடிக்கைதான்.

தமிழ் வழக்கோ வேறு. செயலை முதலில் நிறுத்தி, அதனைக் கொண்டே காலத்தை அளப்பது நம் மரபு. எழுத்தொலியின் மாத்திரைக்குக் கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் தொல்காப்பியம் அளவாகக் கொண்டது. சோறு வேகும் நேரம், வெற்றிலை போடும் நேரம் என்று நம் பாட்டிமாரும் அவ்வாறே அளந்தனர். ஆதலின், ‘வங்காளம் பேச வருமளவுக்கு இவ்வூரில் இருந்துவிட்டார்’ என்பதே தமிழ். ‘வங்காளம் பேசுவதற்குப் போதுமான நீண்ட காலம் இருந்தார்’ என்பது தமிழ் எழுத்தில் எழுதிய ஆங்கிலம்.

இது இலக்கணப் பூசலன்று. ஊரிலுள்ள தாத்தாவுக்குப் பேரன் கைப்பேசியில், ‘பதில் எழுதுவதற்குப் போதுமான நேரத்தை நான் கொண்டிருக்கவில்லை’ என்று எழுதுகிறான். தாத்தா அதனை இருமுறை படிக்கிறார். அலுவலகக் கடிதம் போல் இருக்கிறதே என்று சற்று மனம் வாடுகிறார். பிள்ளை அன்பில்லாதவன் அல்லன். பள்ளியில் பயின்ற வாக்கியத்தை அப்படியே பெயர்த்துவிட்டான், அவ்வளவே. பெற்றோர் அருகிருந்து, ‘எழுத ஒழியவில்லை, தாத்தா’ என்று சொல்லித் தந்தால் போதும். ‘ஒழியவில்லை’ என்ற ஒரே சொல்லில் வேலையும் அடங்கியது, நேரக்குறைவும் அடங்கியது. எப்போது ஒழியும் என்று தாத்தா திருப்பிக் கேட்பார். அதற்கு விடை சொல்லப் பேரன் ஆயத்தமாக இருக்கட்டும்.