ஊகத்துக்குப் பதில் சந்தாதாரருக்கும் வேண்டும்

எந்தத் தொழில்நுட்ப நிறுவனம் எதை வாங்கப்போகிறது என்ற ஊகச் செய்தி பங்கு விலையை அசைத்தால், சம்பந்தப்பட்ட நிறுவனம் 24 மணி நேரத்துக்குள் அதை உறுதிப்படுத்தவோ மறுக்கவோ வேண்டும் என்கிறது பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதி. சந்தை மதிப்பில் முதல் 250 இடங்களிலுள்ள நிறுவனங்களுக்கு அது 2024 டிசம்பர் 1 முதல் பொருந்துகிறது. வரவேற்கிறோம். ஆனால் இந்த விதி பங்கு வைத்திருப்பவரைக் காக்கிறது. மணலூர்பேட்டையில் கைபேசிக்கு ரீசார்ஜ் செய்துவிட்டு நிற்பவரை அது எட்டவில்லை. கைபேசிச் சேவை நிறுவனமான ஏர்செல்லைத் தமிழ்நாடு மறந்திருக்காது. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் இணைப்பு என்று 2016 செப்டம்பரில் அறிவித்தார்கள். 2017 அக்டோபரில் அது கைவிடப்பட்டது. 2018 பிப்ரவரியில் சிக்னலே போயிற்று. வேறு நிறுவனத்துக்கு மாறப் போர்ட் குறியீடு கேட்டுக் குறுஞ்செய்தி அனுப்பக்கூட கோபுரம் இல்லை. வங்கிக் கணக்கு, ஆதார், சிலிண்டர் பதிவு எல்லாம் அந்த ஒரே கைபேசி எண்ணில் இருந்தன. வாடிக்கையாளர்கள் நிறுவன அலுவலகங்களை முற்றுகையிட்டார்கள். இன்று வோடஃபோன் ஐடியாவில் சுமார் 49 விழுக்காட்டுப் பங்கு மத்திய அரசிடம் இருக்கிறது. அதன் எதிர்காலம் பற்றியும் ஊகங்கள் ஓய்வதில்லை. ஆகவே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உடனே உத்தரவிட வேண்டும்: சந்தைக்குத் தரும் அதே விளக்கத்தை, அதே நாளில், தமிழில் குறுஞ்செய்தியாகச் சந்தாதாரருக்கும் நிறுவனங்கள் அனுப்ப வேண்டும், முன்கூட்டி வாங்கிய ரீசார்ஜ் தொகையைத் திருப்பித் தரும் அளவுக்குத் தனி வைப்பு நிதி வைத்திருக்க வேண்டும். இணைப்பு முறிந்தபின் இழப்பீட்டுக்கு மனுப் போடச் சொல்வதை ஏற்க முடியாது.