ஆயிரம் ரூபாய் கட்டினா படிச்சிடுவோமா?

என்பிடெல் கோர்ஸ் ஃப்ரீ. எக்ஸாமுக்கு மட்டும் 1000 ரூபாய். "காசு கட்டிட்டா தானா படிப்போம்"னு போன செமஸ்டர்ல நானும் கட்டினேன். மூணாவது வாரத்தோட வீடியோ பார்க்கிறதை நிறுத்தியாச்சு. எக்ஸாம் அன்னிக்கு காரைக்கால் பீச்ல சுண்டல் சாப்பிட்டுட்டு இருந்தேன். உங்கள்ல எத்தனை பேர் அங்க இருந்தீங்கன்னு எனக்குத் தெரியும்!

என்னைக் கேட்டா, ஃபீஸ் என்பது பந்தயமே இல்லை. பாஸ் ஆனாலும் அது நமக்குத் திரும்பி வராது, கட்டின அன்னிக்கே போன காசு. முடிச்சா கிடைக்கும், விட்டா போகும்னு இருந்தாதான் உறுத்தும்.

பிலிப்பைன்ஸில் சிகரெட்டை விட நினைப்பவர்களிடம் இதைச் செய்து பார்த்தார்கள். சொந்தப் பணத்தை வங்கியில் போட்டு வைக்கணும். ஆறு மாதம் கழித்து சிறுநீர்ப் பரிசோதனை. தேறினால் பணம் திரும்பும், இல்லைன்னா தர்மத்துக்குப் போயிடும். 2010-ல் வெளியான முடிவுப்படி, ஓரளவு பலன் இருந்தது. ஆனா அழைக்கப்பட்டவர்களில் 100-க்கு 11 பேர்தான் சேர்ந்தாங்க. மீதிப் பேருக்குத் தங்களைப் பற்றி நல்லாவே தெரிஞ்சிருக்கு போல.

எங்கம்மா சீட்டுப் பணத்தை ஒரு மாசம்கூடத் தவற விட்டதில்லை. தெருவுல எல்லாரும் பார்ப்பாங்களே! அதனால இந்த முறை ரூம்மேட்கிட்ட 500 ரூபாய் கொடுத்து வச்சிருக்கேன். ஒரு அசைன்மென்ட் விட்டாலும் அதுல அவன் பிரியாணி சாப்பிடுவான், அதுவும் என் எதிர்லயே. இப்போ ஐந்தாவது வாரம். தினமும் ராத்திரி "பசிக்குதுடா"ங்கிறான்.