உடைந்த ஸ்பேனருக்கு யார் பொறுப்பு?



கடை திறந்து சாம்பிராணி காட்டிய கையோடு முதல் ஆளாக ஒரு மெக்கானிக் வந்து நிற்கிறார். கையில் வாய் விரிந்து போன ஒரு ஸ்பேனர். "அண்ணா, உயிருள்ள வரைக்கும் கேரண்டின்னு சொல்லித்தானே குடுத்தீங்க?" என்று கேட்கிறார். நாம் என்ன சொல்கிறோம்? "அது கம்பெனி சொன்னதுப்பா, நான் சொன்னதில்ல. வச்சிட்டுப் போ, ஏஜென்ட் வந்தா கேட்டுச் சொல்றேன்." ஏஜென்ட் அடுத்த மாதம் வருவார். வந்தாலும் புது ஆர்டரைத்தான் எழுதிக்கொள்வாரே தவிர, உடைந்ததை வாங்கிப் பையில் போடமாட்டார். ஸ்பேனர் நம் கல்லாப்பெட்டிக்கு அடியில் துருப்பிடித்துக் கிடக்கும். அந்த மெக்கானிக் அதன் பிறகு வேறு கடைக்குப் போய்விடுவார்.

இது என் கடையிலும் நடந்தது. பலர் கடையிலும் நடந்திருக்கும். மளிகைக்கடைக்காரனுக்கு ஸ்பேனரைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். பள்ளிகொண்டா போன்ற ஊரில் பருப்பு மூட்டைக்குப் பக்கத்திலேயே ஆணியும் கட்டிங் பிளேயரும் திருப்புளியும் தொங்குகின்றன. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை நம்பிப் பிழைக்கும் லாரிப் பட்டறைக்காரர், ஆம்பூர், பேர்ணாம்பட்டுப் பக்கம் தோல் வேலை செய்பவர், தச்சர், எலக்ட்ரீஷியன் எல்லோரும் நமக்கு மளிகை வாடிக்கையும்தான். குறடு உடைந்த கோபத்தில் ஒருவர் போனால், அவர் வீட்டு மாதச் சாமான் கணக்கும் கூடவே போய்விடும்.

பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் வாக்கை நம் கடை மேஜையிலேயே நிறைவேற்ற வேண்டும், அதற்கான ஏற்பாட்டைச் சரக்கு எடுக்கும்போதே செய்துகொள்ள வேண்டும் என்பதே என் கருத்து. உடைந்த பிறகு யோசிப்பதில் பயனில்லை.

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் சியர்ஸ் என்ற பெரிய அங்காடி நிறுவனம் 1927இல் 'கிராஃப்ட்ஸ்மேன்' என்ற வணிகப் பெயரை வாங்கி, அந்தப் பெயரில் கைக்கருவிகளை விற்றது. உடைந்த ஸ்பேனரைக் கடைக்குக் கொண்டுவந்தால் பில் கூடக் கேட்காமல் புதியதைக் கொடுப்பார்கள் என்பதே அந்தக் கருவிகளின் பெரிய விளம்பரம். தகப்பன் வாங்கியதை மகன் மாற்றிக்கொண்டு போனதுண்டு. 2017இல் அந்தப் பெயரை ஸ்டான்லி பிளாக் அண்டு டெக்கர் நிறுவனம் வாங்கியது. 2018 அக்டோபரில் சியர்ஸ் திவால் மனு கொடுத்தது. கடை நொடித்தாலும் பெயருக்கு விலை இருந்தது. உடைந்ததை முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்து வந்ததற்கும் அந்த விலையில் பங்கு உண்டு.

நம் கணக்கைப் பார்ப்போம். ஒரு ஸ்பேனர் 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூறு விற்றால் 20,000 ரூபாய். அதில் இரண்டு பழுதாகித் திரும்பினால் 400 ரூபாய், அதாவது நூற்றுக்கு இரண்டு. கம்பெனி அதை ஈடு செய்தால் நமக்கு ஒரு காசு நஷ்டமில்லை. செய்யாமலே போனாலும், ஒரு நல்ல வாடிக்கையை இழப்பதைவிட இது குறைவுதான்.

கேட்டவருக்கெல்லாம் மாற்றிக் கொடு என்று நான் சொல்லவில்லை. வாழ்நாள் உத்தரவாதம் என்பது பெரும்பாலும் உற்பத்திக் குறைபாட்டுக்குத்தான். இரும்பில் விரிசல், பதம் சரியில்லாமல் வாய் விரிவது, கைப்பிடி கழன்று வருவது போன்றவை அதில் சேரும். ஸ்பேனருக்குப் பைப்பை மாட்டி நெம்பியது, திருப்புளியை உளியாக வைத்துச் சுத்தியலால் அடித்தது, ரம்பமும் அரமும் தேய்ந்து மழுங்கியது ஆகியவை சேரா. 'வாழ்நாள்' என்றால் யாருடைய வாழ்நாள் என்பதையும் பார்க்க வேண்டும். வாங்கியவரின் ஆயுளா, கருவியின் ஆயுளா? அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம், இப்படி விளம்பரம் செய்பவர் யாருடைய ஆயுள் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று வழிகாட்டு நெறியே வகுத்திருக்கிறது. நாமும் பெட்டியிலுள்ள பொடி எழுத்தைப் படித்து, விற்கும்போதே வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2019இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. பில் கொடுக்காமல் இருப்பதும், பழுதான பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அந்தச் சட்டப்படி நியாயமற்ற வணிக முறைகள். தயாரித்தவர் யார் என்றே தெரியாத பொருளை விற்று, அதனால் ஒருவருக்குக் காயமோ சேதமோ ஏற்பட்டால், விற்ற கடைக்காரரே பொறுப்பாளியாக நேரிடும். கம்பெனி தராத உத்தரவாதத்தை நாமாக வாயில் வந்தபடி கொடுத்தாலும் அப்படித்தான். "உடையவே உடையாது, நான் கேரண்டி" என்று சொல்லும் முன் ஒருமுறை யோசியுங்கள்.

"அவர் தொழிலுக்கு வாங்கியவர்தானே, நுகர்வோர் சட்டம் அவருக்கு எப்படிப் பொருந்தும்?" என்று சில நண்பர்கள் வாதாடுகிறார்கள். அது தவறு. தன் உழைப்பால் ஜீவனம் நடத்துவதற்காக மட்டும் பொருளை வாங்கித் தானே பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டிடம் லக்ஷ்மி என்ஜினியரிங் ஒர்க்ஸ் ஓர் இயந்திரம் வாங்கியது பற்றிய வழக்கில், 1995இல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. பெரிய அளவில் லாப நோக்கில் வாங்கியவரை நுகர்வோராக ஏற்கவில்லை. ஆனால் டைப்ரைட்டர் வாங்கித் தானே தட்டச்சு செய்து பிழைப்பவரும், ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுபவரும் நுகர்வோரே என்றது. அப்படியானால் தச்சரின் உளியும், தோல் வேலைக்காரரின் குறடும் இதே கணக்கில்தான் வரும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்குக் கட்டணமே கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும்.

அந்த உழைப்பாளியின் பக்கமும் பார்க்க வேண்டும். நமக்கு அது நூறு சரக்கில் ஒன்று. அவருக்கோ அன்றைய கூலியே அதுதான். குறடு உடைந்தால் வேலை நிற்கிறது. "பத்து நாள் கழித்து வா" என்று நாம் சொன்னால், அவர் கடன் வாங்கி இன்னொன்று வாங்குகிறார். பத்து நாள் கழித்து வரும் உத்தரவாதத்தால் அவருக்கு என்ன பயன்?

வரித் தொல்லைக்குப் பயந்து மாற்றிக் கொடுக்காதவர்களும் உண்டு. உத்தரவாதக் காலத்தில் இலவசமாக மாற்றித் தரும் உதிரிபாகத்துக்குத் தனியாக ஜி.எஸ்.டி. இல்லை என்று 2023 ஜூலையில் மத்திய மறைமுக வரி வாரியம் சுற்றறிக்கை விட்டது. முழுப் பொருளையே மாற்றினாலும் அப்படியே என்று 2024 ஜூனில் தெளிவுபடுத்தியது. விநியோகஸ்தர் தன் இருப்பிலிருந்து முதலில் கொடுத்துவிட்டு, கம்பெனி பின்னர் அதே சரக்கை இலவசமாக அனுப்பி ஈடு செய்தாலும் வரி கிடையாது. ஆனால் மாற்றிக் கொடுத்ததற்குக் கம்பெனிக்குப் பில் போட்டால் வரி உண்டு. கிரெடிட் நோட் வாங்கினால் உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும். ஆகவே பணமாக வாங்குவதைவிடச் சரக்குக்குச் சரக்காக வாங்குவதே சுலபம். தங்கள் ஆடிட்டரை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

நாம் செய்யவேண்டியவை:

1. தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, புகார் தெரிவிக்கும் தொலைபேசி எண் இல்லாத பெட்டியை வாங்காதீர்கள். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள்படி இவை கட்டாயம்.

2. முதல் ஆர்டர் கொடுக்கும்போதே, பழுதான கருவியை எத்தனை நாளில், யார் செலவில் மாற்றித் தருவார்கள் என்று மொத்த வியாபாரியிடம் எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவரின் 'வாழ்நாள்' அட்டைக்கு மதிப்பில்லை.

3. பத்து ரூபாய் ஆணியானாலும் பில் போடுங்கள். வேறு கடையில் வாங்கியதை நம்மிடம் கொண்டுவருபவரை அடையாளம் காட்டுவதும் அதே பில்தான்.

4. உடைந்ததைக் கண்ணால் பார்த்து, குறை நியாயமானது என்று பட்டால் அப்போதே மாற்றிக் கொடுங்கள். ஒரு நோட்டில் தேதியோடு குறித்து, உடைந்ததை ஏஜென்டிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

தனி ஒரு கடைக்காரர் கேட்டால் ஏஜென்ட் சிரித்துவிட்டுப் போவார். ஊரிலுள்ள இருபது கடையும் சேர்ந்து, "பழையதை எடுக்காமல் புது ஆர்டர் இல்லை" என்று சொன்னால் அவர் பை தானாகத் திறக்கும். நம் சங்கம் அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இணையத்தில் விலை குறைத்து விற்பவரோடு விலையில் நாம் போட்டி போட முடியாது. ஆனால் உடைந்த குறட்டைக் கொண்டுவந்தவரை ஐந்து நிமிடத்தில் புதுக் குறட்டோடு வேலைக்கு அனுப்ப உள்ளூர்க் கடைக்காரரால் மட்டுமே முடியும். என் கல்லாப்பெட்டிக்கு அடியில் கிடந்த ஸ்பேனருக்கு இந்த வாரம் என் கையிலிருந்தே புதியது கொடுத்துவிட்டேன். அந்த மெக்கானிக் அரிசிச் சிட்டையையும் கூடவே நீட்டினார்.