க்ஷயரோகமும் சோற்றுப் பானையும்

2025-ம் வருஷ முடிவுக்குள் க்ஷயரோகத்தை இந்நாட்டினின்றும் ஒழித்துவிடுவதென்று இந்திய சர்க்கார் 2018-ல் டில்லியில் கூடிய மகாநாட்டில் பிரகடனம் செய்தனர். உலகத்தார் தமக்கு வைத்துக்கொண்ட கெடு 2030. அதற்கு ஐந்து வருஷம் முந்தியே காரியத்தை முடித்துக் காட்டுவோமென்பது அவர்களுடைய எண்ணம். எண்ணம் மேலானது; அதைக் குறை கூறுவார் எவருமிலர். ஆனால் கெடு ஈடேறவில்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி, 2023-ம் வருஷத்தில் மாத்திரம் இந்தியாவில் சுமார் 28 லக்ஷம் பேரை இந்நோய் புதிதாகப் பற்றிக்கொண்டது. மூன்று லக்ஷத்துக்கு மேற்பட்டவர் மாண்டனர். அவ்வருஷம் பூமியின்மீது க்ஷயங் கண்ட 1 கோடியே 8 லக்ஷம் பேரில் நூற்றுக்கு 26 பேர் நம் தேசத்தவர்.

இந்நோயின் காரணம் மறைபொருளன்று. 1882-ம் வருஷம் மார்ச்சு மாதம் 24-ந் தேதி பெர்லின் நகரில் ராபர்ட் கோக் என்னும் ஜெர்மானிய வைத்தியர் இதற்குரிய கிருமியைப் பிரத்தியக்ஷமாக எடுத்துக் காட்டினார். மருந்துக்கும் குறைவில்லை, ஸ்டிரெப்டோமைசின் கிடைத்து எண்பது வருஷமாகிறது. கிருமியும் தெரியும், மருந்தும் உண்டு, அப்படியிருந்தும் தினந்தோறும் நூற்றுக்கணக்கான பிரேதங்கள் இந்நோயால் சுடுகாடு செல்வானேன்? கிருமியைப் பற்றி நாம் கொண்ட கவலையில் காற்பங்குகூட அது குடியேறும் மனிதனைப் பற்றிக் கொள்ளவில்லை என்பதே நமது தாழ்மையான அபிப்பிராயம். இதற்கு ஆதாரமாகச் சாஸ்திர ஆராய்ச்சியையே சாக்ஷிக்கு அழைக்கிறோம்.

முதலில் கிருமியின் ஜீவனத்தைப் பார்ப்போம். குடலில் வாழும் சாதாரணக் கிருமியொன்று தக்க ஆகாரம் கிடைத்தால் இருபது நிமிஷத்தில் இரண்டாகப் பெருகும். க்ஷயக் கிருமி அவ்விதம் பெருகுவதற்கு ஏறக்குறைய ஒரு பகலும் ஓரிரவும் எடுத்துக்கொள்ளுகிறது. அதற்கு அவசரமென்பது கிடையாது. மெழுகு போன்றதொரு கொழுப்புக் கவசத்தைப் போர்த்துக்கொண்டு, நுரையீரலுட் புகுந்து, வந்த பகைவனை விழுங்குவதற்கென்றே அமைந்த நம் காவல் அணுக்களுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளுகிறது. சிறைக்காவலன் வீட்டிலேயே திருடன் குடியேறியதற்கு இதை ஒப்பிடலாம். அங்கே அது உண்பதென்ன? நம்முடைய உடலின் கொழுப்பையே உண்கிறது. கொலெஸ்டிரால் என்னும் பொருளை உடைத்து அதனின்றும் ஜீவசக்தி பெறும் திறமை அதற்கு உண்டென்பதையும், உடலுக்குள் நெடுநாள் நிலைத்திருக்க அத்திறமை வேண்டியிருக்கிறதென்பதையும் 2008-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் நிரூபித்தனர். ஆகையால் எலும்புந் தோலுமாய்க் கிடக்கும் ஏழையின் சரீரத்திலும் கிருமிக்குப் பஞ்சமென்பது இல்லை. பஞ்சம் அவனுக்குத்தான்.

கிருமியின் ஜீவன முறையை அறிந்ததனால் விளைந்த நன்மைகளை நாம் மறப்பதற்கில்லை. 1943-ல் கண்ட ஸ்டிரெப்டோமைசின், மண்ணில் வாழும் வேறொரு நுண்ணுயிர் தன் வயிற்றுப்பாட்டினிடையே உண்டாக்கும் பொருளேயாகும். 1952-ல் உபயோகத்துக்கு வந்த ஐசோநியாசிட், கிருமியின் மெழுகுக் கவசம் உருவாகாமலே தடுத்துவிடுகிறது. 2012-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெடாகுவிலின் கிருமி தன் சக்தியை உற்பத்தி செய்துகொள்ளும் யந்திரத்தையே நிறுத்திவிடுகிறது. மற்ற மருந்துகளுக்கு அடங்காத க்ஷயத்துக்கு அது பெருந்துணை. இம்மருந்தின்மீது தனக்கிருந்த ஏகபோக உரிமையை 2023 ஜூலைக்கு அப்பாலும் நீட்டித்துக்கொள்ள அதன் கம்பெனி செய்த விண்ணப்பத்தை, இந்நோயிலிருந்து மீண்ட இரண்டு பெண்மணிகள் எதிர்த்து வழக்காடினர். ஒருவர் இந்தியர், மற்றவர் தென்னாப்பிரிக்கர். 2023 மார்ச்சில் இந்தியப் பேடண்டு ஆபீஸ் அவ்விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டது. நோயாளியும் நியாயத்தை நாடி வெல்லலாமென்பதற்கு இது நல்ல திருஷ்டாந்தம்.

எனினும் மருந்து கிருமியைக் கொல்லுமேயன்றி, மெலிந்த உடலுக்குச் சதை வைக்காது. உலக ஜனங்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் உடலில் க்ஷயக் கிருமி புகுந்திருக்கிறதென்று மதிப்பிடுகிறார்கள். அவர்களுள் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கே ஆயுளில் என்றேனும் நோய் வெளிப்படுகிறது. ஏனையோர் உடலில் கிருமி அடங்கிக் கிடக்கிறது. அதை அடக்கி வைப்பது எது? உடலின் எதிர்ப்புச் சக்தி. அச்சக்தியைத் தாங்கும் அணுக்கள் புரதத்தாலும் பிற சத்துக்களாலும் ஆனவை. உணவு குறைந்தால் காவற்படை குறைகிறது. காவற்படை குறைந்தால் அடங்கிக் கிடந்த பகை எழுகிறது. நீரிழிவும், புகையிலையும், மதுவும், காற்றோட்டமற்ற நெருக்கமான வீடுகளும் இதே கேட்டை விளைவிக்கின்றன என்பது மெய்யே. ஆயினும் இந்தியாவில் க்ஷயத்தை வளர்க்கும் காரணங்களில் முன்னணியில் நிற்பது அரைவயிற்றுச் சோறே.

இவ்வுண்மை நம் கண்ணிற்படாமற் போனதற்கு ஒரு சரித்திரம் உண்டு. அது நம் சென்னைப் பட்டணத்திலேயே நிகழ்ந்தது. க்ஷயரோகிகளை மலைவாசஸ்தலங்களிலும் சானடோரியங்களிலும் படுக்க வைத்து, பாலும் முட்டையும் ஊட்டுவதே முற்காலச் சிகிச்சை. 1956-ல் சென்னையில் இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியோர் கூடி ஓர் ஆராய்ச்சி நிலையத்தை ஸ்தாபித்தனர். ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றொரு பகுதியினரை அவர்களுடைய வீட்டிலுமே வைத்து, இருசாராருக்கும் ஒரே மருந்தை ஒரு வருஷம் கொடுத்தார்கள். சானடோரியத்தில் ஓய்வும் உணவும் மேலானவை, வீட்டிலோ குறைவு. அப்படியிருந்தும் குணமானவர் விகிதம் இரண்டிடத்திலும் ஏறக்குறைய ஒன்றாகவேயிருந்தது. 1959-ல் இம்முடிவு வெளியானதும் உலகெங்கும் க்ஷய சிகிச்சை முறை மாறிற்று. படுக்கை கிடைக்காத கோடிக்கணக்கான ஏழைகளுக்கு அது விடுதலைப் பத்திரம். சென்னை இதனால் பெற்ற கீர்த்தி நியாயமானதே.

ஆனால் அந்த ஆராய்ச்சி சொன்னதென்ன, கேட்டவர்கள் விளங்கிக்கொண்டதென்ன? மருந்தை ஒழுங்காக உண்டால், சானடோரியத்தின் படுக்கையும் விசேஷ உணவும் இல்லாமலே கிருமி நீங்கும் என்று அது சொல்லிற்று. நோயாளிக்குச் சோறு வேண்டாம் என்று அது சொல்லவில்லை. அரைப்பட்டினியிலிருக்கும் அவன் மனைவி மக்களுக்கு நோய் வராதென்றும் சொல்லவில்லை. படுக்கை வேண்டாமென்ற வாக்கியத்தை, உணவைப் பற்றிய பொறுப்பும் வேண்டாமென்று பலர் படித்துவிட்டார்கள். செலவு குறைக்கும் வாக்கியம் எவர் காதிலும் எளிதாக ஏறும் போலும்! மாத்திரைக்குக் கணக்கு வைத்தோம். தட்டிலுள்ள சோற்றுக்குக் கணக்கு வைக்க மறந்தோம். இங்கிலாந்தில் ஸ்டிரெப்டோமைசின் வருவதற்குப் பல பத்து வருஷங்களுக்கு முன்பிருந்தே க்ஷய மரணங்கள் இடைவிடாது குறைந்து வந்தன என்ற சரித்திரமும் இம்மறதியில் மூழ்கிப்போயிற்று. நல்ல ஆகாரமும் நல்ல வீடும் அக்குறைவுக்கு எவ்வளவு காரணமென்பதில் அறிஞருள் விவாதமுண்டு. மருந்து காரணமல்லவென்பதில் விவாதமில்லை.

இம்மறதியைத் தெளிவித்தது ஜார்க்கண்ட் ராஜ்யத்தில் நடந்த ஆராய்ச்சி. மங்களூரிலுள்ள வைத்தியக் கலாசாலையைச் சேர்ந்த டாக்டர் அனுராக் பார்கவாவும் அவருடைய சகாக்களும், சென்னை தேசிய க்ஷயரோக ஆராய்ச்சி நிலையத்தாரோடு சேர்ந்து, 2019 முதல் 2022 வரை இதை நடத்தினர். நான்கு ஜில்லாக்களில் 2,800 நோயாளிகளையும், அவர்களோடு ஒரே வீட்டில் வசிக்கும் 10,345 பேரையும் சேர்த்துக்கொண்டார்கள். நோயாளிகள் எல்லோருக்கும் மாதந்தோறும் உணவுப்பொருள்கள் வழங்கப்பட்டன. தினம் 1,200 கலோரியும் 52 கிராம் புரதமும் கூடுதலாகக் கிடைக்கும்படி கணக்கிட்டிருந்தார்கள். வீட்டாரில் ஒரு பகுதியினருக்கு மாத்திரம் ஆறு மாதம் வரை தினம் 750 கலோரியும் 23 கிராம் புரதமும் கிடைக்கத்தக்க உணவும் சத்து மாத்திரையும் அளித்தார்கள். மற்றவர் தம் வழக்கமான ஆகாரத்தையே உண்டு வந்தனர். இவற்றில் அபூர்வ வஸ்து ஒன்றுமில்லை. அரிசியும் பருப்பும்தான்.

பலன் யாது? உணவு பெறாத 4,724 வீட்டாரில் 122 பேருக்கு நோய் கண்டது. உணவு பெற்ற 5,621 பேரில் 96 பேருக்கே கண்டது. வேற்றுமைகளைக் கழித்துச் சரிபார்த்த கணக்கின்படி, நோய் நூற்றுக்கு 39 வீதம் குறைந்தது; பிறருக்குப் பரவத்தக்க நுரையீரல் க்ஷயம் 48 வீதம் குறைந்தது. நோயாளிகளின் நிலையும் கவனிக்கத்தக்கது. சிகிச்சை தொடங்கியபோது ஐவரில் நால்வர் இருக்கவேண்டிய எடைக்குக் குறைந்திருந்தனர். முதல் இரண்டு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு எடை கூடினவர்களிடையே மரண அபாயம் 61 வீதம் குறைவாயிருந்தது. நாற்பது கிலோ எடையுள்ளவன் விஷயத்தில் இது இரண்டு கிலோவேயாகும். உயிருக்கும் சாவுக்கும் இடையே நிற்பது இரண்டு கிலோ சதை! 2023 ஆகஸ்டில் லான்செட் பத்திரிகைகளில் இம்முடிவுகள் வெளியானபின், உணவு தர்மமா வைத்தியமா என்று கேட்பதற்கு இடமில்லை. அது வைத்தியமே.

சர்க்கார் வாளாவிருந்தனர் என்று நாம் சொல்லவில்லை. 2018 ஏப்ரல் முதல் ஒவ்வொரு நோயாளிக்கும் சிகிச்சைக் காலத்தில் மாதம் 500 ரூபாய் அளிக்கத் தொடங்கினர். 2024 நவம்பர் முதல் அதை 1,000 ரூபாயாக உயர்த்தினர். இதை மனமார வரவேற்கிறோம். ஆயினும் மாதம் ஆயிரமென்றால் நாளொன்றுக்கு முப்பத்துமூன்று ரூபாய்தான். நோயில் வேலையிழந்தவன் வீட்டில் அத்தொகை வாடகைக்குப் போகுமா, குழந்தையின் பள்ளிச் செலவுக்குப் போகுமா, அவன் தட்டிலே பருப்பாக விழுமா என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். அன்றியும் அப்பணம் நோயாளிக்கு மாத்திரமே உரியது. வீட்டாருக்கு உணவளிக்கும் காரியத்தை 2024 அக்டோபரில் அறிவித்த ஏற்பாடு, மனமுவந்து முன்வரும் தர்மவான்களிடம் விட்டது. தர்மவான்கள் வாழ்க! ஆனால் தர்மவான் இல்லாத ஊரிலும் க்ஷயம் இருக்கிறதே, அதற்கு என்ன செய்வது?

பணத்துக்கு எங்கே போவதென்று சிலர் ஆட்சேபிக்கலாம். கட்டிடமோ, யந்திரமோ, புதிய உத்தியோகஸ்தர் படையோ இதற்கு வேண்டியதில்லை. ரேஷன் கடை ஊர்தோறும் இருக்கிறது. தானியம் ஏற்கெனவே அதன் வழியாகப் போகிறது. தமிழ்நாட்டில் துவரம் பருப்பும் பாமாயிலும் சலுகை விலையில் போகின்றன. க்ஷயம் கண்ட வீட்டுக்கு ஆறு மாதம் வரை இவற்றைக் கூடுதல் அளவில், விலையின்றி, உரிமையாகக் கொடுக்கும்படி ஓர் உத்தரவு பிறப்பித்தால் போதும். வீட்டுக்கு ஒரு புதிய நோயாளி மிஞ்சினால் ஆறு மாத மருந்தும், பரிசோதனையும், இழந்த கூலியும், அவன் மூலம் பரவும் நோயும் சர்க்காருக்கும் சமூகத்துக்கும் எவ்வளவு செலவென்பதையும் ஆட்சேபிப்பவர்கள் அதே கணக்கில் எழுதிக்கொள்ளவேண்டும்.

ஒரு ஜார்க்கண்ட் ஆராய்ச்சியை நம்பித் தேசம் முழுவதற்கும் திட்டம் வகுப்பதா என்று வேறு சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமே. வறுமை குறைந்த ஜில்லாக்களில் பலன் இவ்வளவு இராமற் போகலாம். அப்படியாயின் மெலிந்தவர் வீட்டிலிருந்து தொடங்குவோம். மெலிந்தவரைக் கண்டுபிடிப்பது கடினமன்று. தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் இதைக் காட்டியிருக்கிறது. எடையும் உயரமும் பார்த்து, மூச்சின் வேகத்தையும் பிராணவாயுவின் அளவையும் கணித்து, துணையின்றி எழுந்து நிற்கமுடிகிறதா என்று கேட்டு, அபாயமுள்ளவரை முதலிலேயே ஆஸ்பத்திரியில் சேர்க்கும் எளிய முறை அது. தராசும் அளவுகோலும் உள்ள இடத்தில், எந்த வீட்டுக்கு முதலில் சோறு போகவேண்டுமென்று தெரியாதென்பது சாக்காகுமேயன்றிக் காரணமாகாது.

தேசத் தொண்டில் ஈடுபட்ட நம் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. க்ஷயரோகி நம் தெருவிலும் இருக்கிறான். அவன் மாத்திரை உண்கிறானா என்று கேட்க ஆளுண்டு. அவன் என்ன உண்டான், அவன் மனைவி என்ன உண்டாள், குழந்தைகளின் எடை என்ன என்று கேட்பதற்குத்தான் ஆளில்லை. கிராம சபையிலும் நகர சபையிலும் சட்ட சபையிலும் இக்கேள்வி எழவேண்டும். நோய் கண்ட வீட்டுக்கு உணவு உரிமையென்று எழுத்தில் வரும்வரை அது ஓயலாகாது. கிருமி நிதானமாய்ப் பெருகுவது, அது காத்திருக்கும். பசித்த வீட்டிலுள்ள குழந்தை காத்திராது. அடுத்த கெடுவைக் குறிக்குமுன் சர்க்கார் இதைச் சிந்திப்பார்களென்று நம்புகிறோம்.