பல்லியமும் நம் இளைஞரும்

பல கருவிகள் ஒருங்கியைந்து ஒலிப்பதைப் பல்லியம் என்றனர் நம் முன்னோர். புறநானூற்றுப் புலவர் ஒருவர் நெடும்பல்லியத்தனார் என்றே பெயர் பெற்றிருந்தார். ஆயின், இன்று நம் கல்லூரி விழாக்களில் பரிசு பெறுவோர் தனித்துப் பாடுவோரும் தனித்து வாசிப்போருமே. பத்துப் பேர் கூடியிருந்து, ஒருவர் ஒலியை மற்றவர் செவிமடுத்து வாசிக்கப் பயிலும் களம் நம்மிடை அரிது.

இலண்டனில் 1965ஆம் ஆண்டு பில் ஆஷ்டன் என்னும் பள்ளி ஆசிரியர், மாணவர்க்கென ஜாஸ் இசைக்குழு ஒன்றைத் தோற்றுவித்தார். அதுவே பின்னர் பிரிட்டனின் தேசிய இளையோர் ஜாஸ் இசைக்குழுவாக வளர்ந்தது. டிரம்பெட், டிராம்போன், சாக்சபோன், பியானோ, டிரம்ஸ் முதலியன கூடிய பெருங்குழு அது. எழுதிய இசையை அனைவரும் சேர்ந்து வாசிப்பர். இடையே ஒருவர் எழுந்து, அப்பொழுதே தம் கற்பனையிற் புனைந்து வாசிப்பார்; ஏனையோர் அவரைத் தாங்கி நிற்பர். நம் கச்சேரிகளின் கற்பனைச்சுரமும் தனியாவர்த்தனமும் அறிந்தார்க்கு இது புதிதன்று. உலகப்புகழ் பெற்ற பாடகி ஏமி வைன்ஹவுஸும் இளமையில் இக்குழுவோடு பாடியவரே.

ஜாஸ் நமக்கெதற்கு எனச் சிலர் வினவலாம். மைசூர் அரண்மனைப் பேண்டில் சாக்சபோனைக் கேட்டு மயங்கிய கத்ரி கோபால்நாத், அதிலேயே கருநாடக இசையை வாசித்து நிலைநாட்டினார். ஆந்திரத்திற் பிறந்து திருவரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானா, நாதசுரம் பயிற்றுவதற்கென்றே 1982இல் ஓர் ஆசிரமம் நிறுவினார். 1998இல் சங்கீத கலாநிதி விருதும் பெற்றார். நம் சமுதாயத்தார்க்கு இசை எதற்கு எனத் தயங்கும் பெரியோர் அவரை நினைவுகூர்தல் நன்று.

சென்னையில் ஏ.ஆர்.ரகுமானின் அறக்கட்டளை நடத்தும் சன்ஷைன் இசைக்குழு, வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மேலைச் செவ்வியல் இசையைக் கட்டணமின்றிக் கற்பிக்கிறது. திண்டுக்கல்லுக்கோ சென்னை ஓரிரவுப் பயணத் தொலைவு.

இங்கும் இசைக்குக் குறைவில்லை. திருவிழாவில் நையாண்டி மேளம். திருமண ஊர்வலத்தில் பேண்டு வாத்தியம். தந்தையிடம் கேள்வி ஞானத்தால் டிரம்பெட் பயின்ற இளைஞன் முகூர்த்த நாள்களில் ஊதுகிறான். மற்ற நாள்களில் வேறு கூலி தேடுகிறான். (அவன் நம் வகுப்பின் கடைசி வரிசையிலேயே இருக்கக்கூடும், நாம் கேட்டதில்லை.) திறமை அவனிடம் உண்டு, எழுதிய இசைக்குறியீட்டைப் படிக்கத்தான் அறியான். அதனை அறிந்தால் காவல்துறை, இராணுவ இசைக்குழுக்களின் வாயில் அவனுக்கு எளிதிற் திறக்கும்.

கல்லூரிக்கு இதில் பெருஞ்செலவில்லை. சனிக்கிழமை மாலை ஒரு வகுப்பறை, ஊதியம் பெறும் பேண்டு மாஸ்டர் ஒருவர், இரவலாகத் தரச் சில கருவிகள் போதும். சேர்க்கைக்குச் செவித்திறனையே நோக்க வேண்டும். ஆண்டு விழா மேடைக்கு அவர்களை அழைக்குமுன் ஈராண்டேனும் பொறுத்தல் வேண்டும்.