ராத்திரி ரெண்டு மணி ஸ்லாட்

கும்பகோணத்திலிருந்து சித்தப்பா போன் செய்தார். குரலில் பாதி அப்பா, பாதி போலீஸ்.

''ஏண்டா, ஒன் தங்கச்சி ராத்திரி ரெண்டு மணிக்கு லேபுக்குப் போறாளாம். ரெண்டு மணிக்கு எந்த ஊர்ல லேப் தொறந்திருக்கும்? பெங்களூருக்கு ஒரு நடை போய் என்னன்னு பாத்துட்டு வா. நான் சொன்னேன்னு சொல்லாதே.''

வேவு பார்க்கும் உத்தியோகம். பஸ் சார்ஜ்கூடக் கிடையாது. ஃப்ரீலான்ஸ் எழுத்தாளன் என்றால் சும்மா இருப்பவன் என்று எங்கள் குடும்பத்தில் அர்த்தம்.

தங்கை அங்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பி.எச்டி. செய்கிறாள். புற்றுநோய் செல் எப்படி இரண்டாகப் பிரிகிறது என்பது விஷயம். நான் பி.காம். இரண்டாகப் பிரிவதில் எனக்குத் தெரிந்தது பார்ட்னர்ஷிப் அக்கவுன்ட்ஸ் மட்டும்தான்.

''ராத்திரி ரெண்டுக்கு ஏம்மா?'' என்றேன், எதேச்சையாகக் கேட்பதுபோல.

''அப்பத்தான் அண்ணா ஸ்லாட் கெடைச்சுது. அப்பா அனுப்பினாரா?''

வேவு வேலை அரை நிமிஷத்தில் முடிந்தது.

விஷயம் இதுதான். அவளுக்கு வேண்டியது கான்ஃபோகல் மைக்ராஸ்கோப். லேசர் ஒளியால் செல்லை ஸ்லைஸ் ஸ்லைஸாகப் படம் எடுக்கும், பிரெட் நறுக்கினாற்போல. விலை கோடிகளில். ஒரு லென்ஸ் மட்டும் லட்சங்களில். எந்தப் புரொபசரும் தனியாக வாங்கிக் கட்டுப்படியாகாது. அதனால் நிலையமே வாங்கிப் பொது அறையில் வைத்துவிடும். எல்லா லேபும் முன்பதிவு செய்து, மணிக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டுப் பார்க்கலாம். முன்பதிவு தத்கால் மாதிரிதான். பகல் ஸ்லாட் கண் மூடித் திறப்பதற்குள் காலி. மாணவர்களுக்கு மிஞ்சுவது நடுராத்திரி.

காமர்ஸ் படித்தவனுக்கு இது உடனே பிடித்துப் போயிற்று. மெஷின் தூங்கினாலும் தேய்மானம் தூங்காது. அதை இருபத்துநாலு மணி நேரமும் ஓட்டுவதுதான் நியாயம். மத்திய அரசு 2020 ஜனவரியில் ஐ-ஸ்டெம் என்று ஒரு வலைத்தளமே ஆரம்பித்தது. எந்த ஊரில் எந்தக் கருவி இருக்கிறது என்று பார்த்து, வெளியாளும் நேரம் கேட்கலாம்.

சரி, சித்தப்பாவின் காசுக்கு... அவர்தான் காசே தரவில்லையே. சொந்தக் காசுக்காவது பார்த்துவிடுவோம் என்று ரெண்டு மணிக்குக் கூடவே போனேன்.

இருட்டறை. ஏ.சி. குளிர் எலும்பு வரை போயிற்று. மைக்ராஸ்கோப் உட்கார்ந்திருந்த மேஜை, காற்றடைத்த கால்களின் மேல் மிதக்கிறது. வெளியே லாரி போனால்கூடப் படம் அதிரக் கூடாதாம். ஹோட்டலில் ஆடும் மேஜைக்கு அட்டை மடித்து வைப்போமே, அதன் கோடீஸ்வர அண்ணன்.

ஃப்ளூரசன்ஸ் என்றால் பயப்பட வேண்டாம். பாங்க்கில் கேஷியர் ஐநூறு ரூபாய் நோட்டைப் புற ஊதா விளக்கின் அடியில் காட்டினால், நம்பரும் சில இழைகளும் மட்டும் பளிச்சென்று மின்னும் இல்லையா? அதேதான். ஒரு நிற ஒளியை வாங்கிக்கொண்டு வேறு நிறத்தில் திருப்பித் தருவது. செல்லிலும் வேண்டிய பாகத்துக்கு மட்டும் சாயம் ஏற்றிவிட்டால், மற்றதெல்லாம் இருட்டில் மறைய, அது மட்டும் ஒளிரும்.

தங்கை ஸ்லைடை வைத்தாள். திரையைப் பார்த்தாள். முகம் மாறியது.

''பாவி! டிரை லென்ஸ்ல எண்ணெய்!''

60 மடங்கு லென்சுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். பக்கத்து 20 மடங்கு லென்ஸில் எண்ணெய் படவே கூடாது. முன்னால் வந்த புண்ணியவான் ஸ்லைடை எடுக்காமலே லென்ஸை மாற்றியிருக்கிறான். படமெல்லாம் புகை மூட்டம். அவள் கட்டுரைக்கு ஒரே ஒரு படம் பாக்கி. அனுப்பக் கடைசி நாள் மறுநாள். ஸ்லாட் நாலு மணி வரைதான்.

திருவல்லிக்கேணி மேன்ஷன் ஞாபகம் வந்தது. ஆறு ரூமுக்கு ஒரு பாத்ரூம். எல்லோருக்கும் சொந்தம், அதனால் யாரும் கழுவ மாட்டோம். 'இங்கேயும் அதே கதைதானா!' என்று நினைத்தேன்.

அவள் போன் செய்தாள். கால் மணியில் ஸ்கூட்டரில் ஒருவர் வந்து இறங்கினார். வயது ஐம்பத்தைந்து இருக்கும். குரங்குக் குல்லாய். அந்த அறைக்குப் பொறுப்பாளர். திட்டவில்லை. லென்ஸ் துடைக்கும் காகிதத்தை எடுத்தார். ஒரு துளி திரவம், ஒரு துடைப்பு, காகிதத்தைத் தூக்கி எறி. மறுபடி புதுக் காகிதம். குழந்தைக்குக் கண் மை எடுப்பதுபோல இருபது நிமிஷம்.

''பாருங்கம்மா இப்ப.''

பார்த்தாள். சிரித்தாள். எனக்கும் ஒரு நிமிஷம் காட்டினாள்.

கன்னங்கரேல் என்ற இருட்டில் நீல நிறத்தில் உட்கருவின் சரக்கு இரண்டு பக்கமாக இழுபட்டுக்கொண்டிருக்க, இரு முனைகளிலிருந்தும் பச்சை நூல்கள் விசிறியாக. திருவாரூர்த் தேர் வடம் ஞாபகம் வந்தது. லயித்துப்போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பச்சை மெதுவாக மங்கியது.

''அண்ணா! போதும்! வெளுத்துடும்!''

ஒளிரும் பொருள் மேல் வெளிச்சம் படப்பட அது அழிந்துகொண்டே வருமாம். ஆசைப்பட்டுப் பார்க்கப் பார்க்கக் குறையும் அழகு. நல்லவேளை, ஸ்லைடில் இன்னும் நூறு செல் பாக்கி இருந்தது.

அவள் படம் எடுக்க, குல்லாய்க்காரரும் நானும் வராந்தாவில் ஃப்ளாஸ்க் டீ குடித்தோம்.

''அந்தப் பச்சை எங்கேர்ந்து வந்துது தெரியுமா சார்? ஜெல்லிமீன்!'' என்று ஆரம்பித்தார்.

ஜப்பான்காரர் ஒசாமு ஷிமோமுரா 1961ல் அமெரிக்காவின் ஃப்ரைடே ஹார்பரில் ஜெல்லிமீன் பிடிக்க ஆரம்பித்தார். வருஷக்கணக்கில் பெண்டாட்டி பிள்ளைகளோடு வலை போட்டதில் மொத்தம் சுமார் எட்டரை லட்சம். அதிலிருந்து கிடைத்ததுதான் பச்சைப் புரதம். அதன் ஜீனை 1992ல் பிரித்தெடுத்துக் காட்டியவர் டக்ளஸ் பிராஷர். அதோடு அவருக்கு ஆராய்ச்சிப் பணம் தீர்ந்துவிட்டது. 'என்னால் முடியவில்லை, நீங்களாவது செய்யுங்கள்' என்கிற மாதிரி, கேட்ட இரண்டு பேருக்கு ஜீனை அனுப்பிவைத்தார். மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியென். 2008ல் அவர்கள் இருவருக்கும் ஷிமோமுராவுக்கும் நோபல் பரிசு. அன்றைக்கு பிராஷர் அலபாமாவில் ஒரு கார் கம்பெனியில் வாடிக்கையாளர்களைக் கொண்டுவிடும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார்.

''அப்புறம்?''

''ரெண்டு பேரும் மறக்கலை சார். தங்கள் செலவுல அவரையும் சம்சாரத்தையும் ஸ்டாக்ஹோமுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பின்னால சியென் தன் லேப்லயே வேலையும் குடுத்தார்.''

குல்லாயை இழுத்து விட்டுக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தார்.

நாலு மணிக்குத் தங்கை வெளியே வந்தாள். எண்ணெய் துடைத்து, நோட்டில் கையெழுத்துப் போட்டு, அடுத்தவனுக்கு அறையைப் பளிச்சென்று விட்டுவிட்டு. மேன்ஷன் பாத்ரூமுக்கும் இதற்கும் வித்தியாசம் புரிந்தது. இங்கே ஒருத்தர் கேட்க இருக்கிறார்.

''ஒன் கட்டுரையில எத்தனை பேர் பேரு வருது?''

''ஒம்போது.''

''குல்லாய்க்காரர்?''

''கடைசிப் பக்கத்துல 'இமேஜிங் மையத்துக்கு நன்றி'ன்னு வரும் அண்ணா. வழக்கமா அப்படித்தான் போடறது.''

கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தாள். ஹாஸ்டல் வாசலில் லாப்டாப்பைத் திறந்து, அந்த வரியில் அவர் பெயரைச் சேர்த்தாள்.

காலையில் சித்தப்பாவுக்கு ரிப்போர்ட் கொடுத்தேன்.

''லேபுக்குத்தான் போறா சித்தப்பா. அங்க தொணைக்கு ஒருத்தர் இருக்கார்.''

மறுமுனையில் மயான அமைதி. ''யாருடா அவன்?''

''வயசு அம்பத்தஞ்சு. குரங்குக் குல்லாய்.''

பெருமூச்சு இங்கே கேட்டது. ''சரி, விடு. ராத்திரி முழுக்க முழிச்சிருக்காளே... சாப்பிட்டாளான்னு கேட்டியா?''

அடடா, அதைக் கேட்கவில்லையே!